கதவில்லாத வீடு

பின்லாந்தின் காட்டுப்பாதைகளில் நடந்து போகிறவர் ஒரு வகைச் சிறு கட்டடத்தை அடிக்கடி காண்பார். பின்னால் தாழ்ந்த ஒரு சுவர், இரு பக்கமும் இரண்டு சுவர்கள், பின்னோக்கிச் சரிந்து இறங்கும் ஒரு கூரை, நிலத்திலிருந்து சற்று உயர்த்திய பலகைத் தளம், அவ்வளவுதான். முன்பக்கத்தில் சுவரே கிடையாது. அந்தத் திறந்த பக்கத்துக்கு நேரே, சில அடி தள்ளி, கல் அடுக்கிய ஒரு நெருப்பிடம் இருக்கும். கூப்பிடு தூரத்தில் ஒரு விறகுக் கொட்டிலும், அதற்கு அப்பால் மரத்தாலான ஒரு மலசலகூடமும் இருக்கும். பெரும்பாலும் பக்கத்திலேயே ஒரு ஏரியோ ஓடையோ ஓடும். இந்தக் கட்டடத்துக்கு அங்கே லாவு என்று பெயர்.

இதில் யார் வேண்டுமானாலும் இளைப்பாறலாம், இரவும் தங்கலாம். காசு கட்டத் தேவையில்லை. முன்கூட்டியே பதிவு செய்ய முடியாது. காவலாளியும் இல்லை. கொட்டிலில் அடுக்கியிருக்கும் விறகும் இலவசம்தான். என் கணவரின் மேற்படிப்புக்காக நாங்கள் மூன்று வருடங்கள் அந்த நாட்டில் இருந்தோம். அந்தக் காலத்தில் நான் பல லாவுகளில் தங்கியிருக்கிறேன். அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதுவது எளிது. காவலுக்கு ஒருவரும் இல்லாத ஒரு பொதுச்சொத்து, அதுவும் கோடரியும் வாளும் விறகும் வைத்த ஒரு பொதுச்சொத்து, எப்படி அழியாமல் நிற்கிறது என்பதுதான் எனக்கு நெடுநாள் விளங்காத விடயம். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நாட்டைப் பற்றிக் கொஞ்சம். பின்லாந்து பரப்பளவில் இலங்கையைப் போல் ஐந்து மடங்கு பெரியது. சனத்தொகையோ எமது நாட்டின் கால் பங்கு அளவுதான், ஐம்பத்தைந்து இலட்சத்துக்குச் சற்று மேல். நிலத்தில் ஏறக்குறைய 75 சதவீதம் காடு. ஏரிகள் மட்டும் 1,88,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட நாட்டில் ஒருவர் ஊருக்கு ஊர் நடப்பதென்றால் காட்டுக்குள்ளாலேதான் நடக்க வேண்டும். அதனால் அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. 'ஒவ்வொரு மனிதனின் உரிமை' என்பது அதன் பொருள். காடு யாருடையதாக இருந்தாலும், வீட்டு முற்றத்துக்குள் நுழையாமல், பயிரை மிதிக்காமல், எவரும் அதற்குள்ளால் நடந்து போகலாம். காட்டுப் பழங்களும் காளானும் பறிக்கலாம். தற்காலிகமாகக் கூடாரம் அடித்து ஓரிரு இரவு தூங்கலாம். பிறநாட்டவருக்கும் இந்த உரிமை உண்டு. எமது முகத்தைப் பார்த்து ஒருவரும் 'இங்கே என்ன வேலை?' என்று கேட்டதில்லை.

ஆனால் இந்த உரிமைக்குள் ஒரு விடயம் அடங்காது. அது நெருப்பு. காணிச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் பிறர் காட்டில் நெருப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம். குளிர்நாட்டில் நெருப்பு இல்லாமல் காட்டில் இரவு கழிப்பது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. லாவின் அருமை இங்கேதான் இருக்கிறது. அது கூரை தருகிறது என்பதை விட, நெருப்பு மூட்ட அனுமதிக்கப்பட்ட ஓர் இடத்தைத் தருகிறது என்பதே பெரிது. தேசிய பூங்காக்களில் கூடாரமும்கூட நினைத்த இடத்தில் அடிக்க முடியாது. பல பூங்காக்களில் லாவுகளின் அருகிலும், அதற்கென ஒதுக்கிய இடங்களிலும்தான் அடிக்கலாம். தலைநகர் ஹெல்சிங்கிக்குப் பக்கத்திலுள்ள நூக்ஸியோ பூங்காவில் இப்படித்தான்.

ஸ்கண்டினேவியாவின் வடபகுதியில் சாமி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். பனிமான் மேய்ப்பது அவர்களுடைய பரம்பரைத் தொழில். கம்புகளைக் கூம்பாக நிறுத்தி மேலே துணி போர்த்திய அவர்களுடைய கூடாரத்துக்கு லாவ்வு என்று பெயர். பின்லாந்து மொழியின் லாவு என்ற சொல் அதற்கு உறவு. சொல் உறவானாலும் பொருள் வேறு. இது சாய்ப்பு, அது கூம்பு. பழைய காலத்தில் வேட்டைக்காரரும் மரம் வெட்டுவோரும் மீன்பிடிப்போரும் காட்டில் இரவு தங்க நேர்ந்தால், இரண்டு கம்பை நட்டு, குறுக்கே ஒன்றை வைத்து, ஊசியிலை மரக் கிளைகளைச் சாய்த்துப் பரப்பிக்கொள்வார்களாம். இன்றைய பலகை லாவு அதன் நிரந்தர வடிவம்.

இதைக் கேட்டதும் எமது ஊர்ப் பழைய அம்பலங்கள் ஞாபகத்துக்கு வரலாம். எனக்கும் வந்தது. அம்பலமும் வழிப்போக்கருக்கான, திறந்த கட்டடம்தான். ஆனால் அம்பலம் காற்று வருவதற்காகத் திறந்திருக்கிறது. லாவு திறந்திருப்பது சூடு உள்ளே வருவதற்காக!

இது எப்படி என்று கொஞ்சம் விளக்க வேண்டும். குளிர்நாட்டில் சுவரை அடைத்தால்தானே சூடு? அடைத்த அறைக்குள் சூடேற்ற அடுப்பும் புகைபோக்கியும் வேண்டும். அவை இல்லாத இடத்தில், வெளியே எரியும் நெருப்பின் கதிர்வீச்சைத்தான் பிடிக்க வேண்டும். நெருப்பிலிருந்து வெப்பம் வெளிச்சத்தைப் போல நேராகப் பாய்ந்து வருகிறது. திறந்த வாயால் உள்ளே நுழைந்து, படுத்திருப்பவர் மேலும் பின்சுவர் மேலும் சாய்ந்த கூரை மேலும் படுகிறது. பலகையும் சூடேறித் தன் பங்குக்குத் திருப்பித் தருகிறது. ஆக முன்பக்கமும் சூடு, முதுகுப்பக்கமும் ஓரளவு சூடு. வெட்டவெளியில் நெருப்புக்கு முன் குந்தியிருப்பவருக்கு நெஞ்சு வேகும், முதுகு உறையும். அந்தத் துன்பம் இதில் பாதியாகிறது. எமது குசினியில் பாண் வாட்டுகிறவர்களுக்கு இது சட்டென விளங்கும்.

பழைய மரவெட்டிகள் இதற்கென்றே ஒரு நெருப்பு முறை வைத்திருந்தார்கள். காய்ந்த இரண்டு நீளமான மரக்குற்றிகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடத்தி, இரண்டுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் நெருப்பை மூட்டுவது. லாவின் முழு நீளத்துக்கும் ஒரே சீராக எரியும். ஒரு தடவை பிடித்துவிட்டால் எழுந்து விறகு போடாமலே பல மணித்தியாலம் நிற்கும். ராகோவல்கெயா என்று அதற்குப் பெயர். 'இடைவெளி நெருப்பு' என்று சொல்லலாம். இன்றைய பொது லாவுகளில் இப்படி முழு மரத்தை எரிக்க எவருக்கும் இடமில்லை. அவ்வளவு விறகும் இல்லை. ஆனால் லாவின் அளவும் நெருப்பிடத்தின் தூரமும் அந்தப் பழைய கணக்கிலிருந்து பிறந்தவைதான்.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. காற்று லாவின் பின்பக்கமிருந்து வீசினால் புகை வெளியே போய்விடும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது அதுவல்ல. கூரைக்கு மேலால் தாண்டிய காற்று முன்னால் சுழன்று, புகையை அப்படியே உள்ளே அள்ளிக்கொண்டு வரும். நேர் எதிரே வீசினாலும் புகை உள்ளேதான். பக்கவாட்டில் வீசும் காற்றே நல்லது. நல்ல இடத்தில் கட்டிய லாவு, அந்த இடத்தில் வழமையாக வீசும் காற்றுக்குப் பக்கம் காட்டி நிற்கும். மற்றதில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கோடை காலத்தில் நுளம்புத் தொல்லைக்கு அந்தப் புகையே மருந்தாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். பின்லாந்தில் நுளம்பு இருக்குமா என்று ஊரிலிருந்து கேட்டார்கள். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் வடபகுதிக் காட்டில் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் கோப்பைக்குள் நாலைந்து மிதக்கும்.

நெருப்பு மூட்டும் முறைக்கு வருவோம். கொட்டிலில் உள்ள விறகு பெரிய துண்டுகளாக இருக்கும். அதை அங்குள்ள வாளால் அரிந்து, கோடரியால் பிளக்க வேண்டும். பல இடங்களில் இவை சங்கிலியில் கட்டப்பட்டிருக்கும். தேவையான அளவு மட்டும் பிளந்து எடுப்பது ஒழுங்கு. கொட்டிலிலிருந்து அள்ளி வந்து லாவின் முன்னால் குவித்து வைத்தால் இரவு மழையில் அத்தனையும் நனைந்து நாசமாகும். முதலில் ஒரு காய்ந்த குச்சியை எடுத்து, கத்தியால் மெல்லிய சுருள் சுருளாக, ஆனால் அறுந்து விழாமல், சீவ வேண்டும். சீவி முடிந்த குச்சி ஒரு பூச்செண்டு போல இருக்கும். அதில் மூன்று நான்கு செய்து நிறுத்தி நெருப்புக்குச்சியைக் காட்டினால் ஈரமான நாளிலும் பிடிக்கும். விறகு பேர்ச் மரமாக இருந்தால் இன்னும் வசதி. அதன் வெள்ளைப் பட்டையில் எண்ணெய்ப் பசை உண்டு, காகிதம் போல உரிந்து வரும், மழையிலும் எரியும். விறகுத் துண்டிலிருந்துதான் உரிக்கலாம். நிற்கும் மரத்திலிருந்து உரிக்கக்கூடாது. கிளை முறிப்பதும் அப்படியே. உயிருள்ள மரத்தைத் தொடும் உரிமை எவருக்கும் இல்லை.

இன்னொன்று, கோடையில் காடு காய்ந்திருக்கும்போது வானிலை அவதான நிலையம் காட்டுத்தீ எச்சரிக்கை விடும். எச்சரிக்கை உள்ள நாளில் திறந்த நெருப்பு மூட்டுவது தடை. லாவின் முன்னுள்ள நெருப்பிடமும் அந்தத் தடைக்குள் வரும். கொட்டில் நிறைய விறகு இருந்தாலும் கை வைக்க முடியாது. ஆகவே புறப்படும் முன் இதைப் பார்ப்பது வானிலை பார்ப்பது போலவே கட்டாயம். நாங்கள் ஒரு சிறு எரிவாயு அடுப்பு வைத்திருந்தோம். அப்படிப்பட்ட நாட்களில் கேத்தலை அதில் வைத்தோம்.

லாவைப் போலவே இலவசமாக இன்னொரு தங்குமிடமும் உண்டு. அது முழு வீடு. கதவும் அடுப்பும் பலகைக் கட்டிலும் உள்ள சிறு மரவீடு; ஆனால் கதவில் பூட்டில்லை. அவுதியோதுபா, அதாவது வெறும் வீடு என்று பெயர். பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும், வீதியிலிருந்து தூரத்தில் இருக்கும். அங்கே ஓரிரு இரவுக்கு மேல் தங்கக்கூடாது. இந்த வீடுகளுக்கு ஒரு பழைய விதி உண்டு. வீட்டில் இடம் நிறைந்திருக்கும்போது இன்னும் ஒருவர் வந்தால், இடத்துக்கான உரிமை கடைசியாக வந்தவருக்கே! முதலில் வந்து தூங்கி இளைப்பாறியவர் எழுந்து இடம் விட வேண்டும். தேவையானால் வெளியேறி அடுத்த இடத்துக்கு நடக்க வேண்டும்.

இதை முதலில் கேட்டபோது நான் சரியாகக் கேட்கவில்லையோ என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துப் பழகியவர்கள் நாம். முந்தியவருக்கே ஆசனம் என்பது எமக்கு நியாயத்தின் அரிச்சுவடி. ஆனால் அந்தக் காட்டில் நின்று யோசித்தால் கணக்கு மாறிவிடுகிறது. முதலில் வந்தவர் சூடேறியிருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார், உடுப்புக் காய்ந்திருக்கிறது. பிந்தி வந்தவர் நனைந்திருக்கிறார், களைத்திருக்கிறார், வெளியே இருட்டு. பனிக்காலமானால் அவருக்கு அந்தக் கதவு உயிர்ப் பிரச்சினை. இருவரில் யார் இன்னும் பத்து மைல் நடக்கக்கூடியவர்? இதே கணக்கில்தான் இன்னொரு வழக்கமும் நிற்கிறது: வீட்டை விட்டுப் புறப்படுமுன் அடுப்பருகே காய்ந்த விறகும் சீவிய குச்சியும் எடுத்து வைத்துவிட்டுப் போவது. விரல் விறைத்து வருபவரால் கத்தி பிடித்துச் சீவ முடியாது. நெருப்புக்குச்சி ஒன்றை உரசத்தான் முடியும்.

லாவிலும் இதே மனப்போக்குத்தான். கதவே இல்லாத இடத்தில் எவரையும் வெளியே நிறுத்தவும் முடியாதே!

அந்த விதி எமக்கும் ஒருநாள் செலவு வைத்தது. செப்டெம்பர் மாதம். என் கணவர், ஊரிலிருந்து வந்திருந்த என் மதினி, நான், மூவருமாகக் கூசாமோ பகுதியில் கர்ஹுன்கியெர்ரோஸ் என்ற பாதையின் ஒரு பகுதியை நடந்தோம். 'கரடி வட்டம்' என்று பொருள்படும் இந்தப் பாதை 82 கிலோமீற்றர் நீளம். 1956இல் உருவான ஓவுலங்கா தேசிய பூங்காவின் ஊடாகப் போகிறது. (ஓவுலங்கா அங்குள்ள ஆற்றின் பெயர். கடைசியில் 'லங்கா' என்று ஒலிப்பதைக் கேட்டு மதினிக்கு ஒரே சந்தோஷம்.) அன்று மத்தியானத்திலிருந்தே மழை தூறியது. ஐந்து மணியளவில் லாவை அடைந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. மதினி சப்பாத்தோடு நின்றபடி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மதினி, இதுக்குக் கதவு எங்க?" என்றா. இல்லை என்றதும், "அப்ப ராவைக்கு யாரும் வந்தா?" என்றா.

இருட்டும் நேரத்தில் வந்தார்கள். இரண்டு நடுத்தர வயது ஆண்கள். தலை முதல் கால் வரை ஈரம். ஒருவர் நொண்டிக்கொண்டிருந்தார். எமக்குத் தலையசைத்து வணக்கம் சொல்லிவிட்டு நெருப்பின் மறுபக்கம் மழையிலேயே நின்றார்கள். உள்ளே வரலாமா என்று கேட்கவுமில்லை. அந்த லாவில் ஐந்து பேர் தாராளமாகப் படுக்கலாம். அங்குள்ளவர்களுக்கு அது சாதாரணம், ஆணும் பெண்ணும் அறிமுகமில்லாதவர்களும் வரிசையாகத் தங்கள் பைக்குள் புகுந்து தூங்குவார்கள். எமக்கு அது முடியாது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. உண்மையில் எனக்கு மனம் ஒப்பவில்லை. நெருப்பை மூட்டியது நாங்கள், பலகையைத் துடைத்துப் படுக்கை விரித்ததும் நாங்கள். ஆனாலும் நாங்கள் கூடாரம் கொண்டு வந்திருந்தோம். அவர்களுடைய பைகள் சிறியவை, கூடாரம் இருந்ததாகத் தெரியவில்லை. அரை மணித்தியாலத்தில் லாவின் பின்னால் மேட்டில் கூடாரத்தை அடித்து நாங்கள் மூவரும் அதற்குள் போனோம். அவர்கள் எம்மைத் தடுக்கப் பார்த்தார்கள், இடம் காணும் என்று கையால் காட்டினார்கள். என் கணவர் காரணத்தைச் சொன்னார். அவர்கள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. காய்ந்த விறகில் பாதியை எடுத்து வந்து கூடார வாசலின் விளிம்பின் கீழ் வைத்துவிட்டுப் போனார்கள், காலையில் எமக்குத் தேவைப்படும் என்று.

"பெண்கள் இப்படிப் போவது பாதுகாப்பா?" என்பது இதைச் சொல்லும் போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி. அந்நாட்டுப் பெண்கள் தனியாகவே போகிறார்கள். நான் வழியில் சந்தித்தவர்களில் பலர் தனியாக வந்த பெண்கள், அதில் என் உம்மாவின் வயதுடையவர்களும் உண்டு. நான் ஒருபோதும் தனியாகப் போகவில்லை. போகவும் மாட்டேன்; அது பயத்தால் அல்ல, எனக்கு அது வழக்கமில்லை. ஆனால் கூட்டமாகப் போனாலும் கூடாரம் இல்லாமல் போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. லாவு நிறைந்திருக்கலாம், பழுதுபட்டிருக்கலாம், நாம் இருக்க விரும்பாத சூழல் அங்கே இருக்கலாம். கூடாரம் உள்ளவருக்கு லாவு ஒரு வசதி. கூடாரம் இல்லாதவருக்கு அது சூதாட்டம்.

தொழுகை பற்றி என் தங்கைகள் கட்டாயம் கேட்பார்கள். அங்கே கிப்லா மேற்கில் இல்லை. தெற்கிலிருந்து சற்றுக் கிழக்குப் பக்கம். ஊரில் சூரியன் சாயும் திசையைப் பார்த்து நின்று பழகிய உடம்புக்கு இது பழக எனக்கு நாள் எடுத்தது. ஒரு சிறு திசைகாட்டி போதும். பாதை தேடவும் அதுவே உதவும். லாவின் பலகைத் தளம் சுத்தமானதாயின் இரண்டு பேர் நின்று தொழத் தாராளமாகப் போதும். வுழூவுக்கு ஓடைத் தண்ணீர். செப்டெம்பரில் அந்தத் தண்ணீரில் கையை வைத்தால் எலும்பு வரை கூசும். கேத்தலில் கொஞ்சம் சுடவைத்துக் கலந்துகொண்டால் சுகம். ஜூன் மாதத்து வடக்கில் சூரியன் மறைவதே பெயருக்குத்தான் என்பதால் மஃரிபும் இஷாவும் எப்போது என்பது தனிப் பிரச்சினை. அங்குள்ள பள்ளிவாசல்கள் வெளியிடும் நேர அட்டவணையைக் கையோடு கொண்டு போவோம். பயணியாக இருப்பதால் உள்ள சலுகைகள் பெரிய ரஹ்மத்.

மலசலகூடம் தண்ணீர் இல்லாதது. பலகையில் ஒரு வட்டத் துவாரம், பக்கத்தில் ஒரு வாளி நிறைய மரத்தூள் அல்லது கரிமண் போன்ற ஒரு பொருள், ஒரு அகப்பை. பாவித்த பின் ஓர் அகப்பை தூவிவிட வேண்டும். அதனால் நாற்றம் அடங்கி, நாளடைவில் உரமாகிவிடும். கடதாசி இருக்குமென்று நம்பக்கூடாது. நாம் கழுவத் தண்ணீர் கொண்டு போகிறவர்கள். அதற்கென ஒரு போத்தலைத் தனியாக வைத்திருந்தால் போதும், ஆனால் குழிக்குள் வாளிக்கணக்கில் தண்ணீர் ஊற்றினால் அந்த முறையே கெட்டுவிடும். பாத்திரம் கழுவுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஏரிக்குள் வைத்துக் கழுவக்கூடாது. தண்ணீரை மொண்டு கரைக்கு மேலே கொண்டு வந்து, கழுவிய நீரை மண்ணில் ஊற்ற வேண்டும். குடிப்பதற்கு எடுத்த தண்ணீரை நாங்கள் எப்போதும் கொதிக்க வைத்தோம்.

சாப்பாட்டில் அவர்களுக்கு நெருப்பு என்றால் மக்கரா எனும் சொசேஜ்தான். கம்பில் குத்திச் சுட்டுக் கடுகுச் சாந்தோடு சாப்பிடுவார்கள். பெரும்பாலும் அது பன்றி இறைச்சி கலந்தது. நெருப்பிடத்தின் இரும்புத் தட்டில் அதன் கொழுப்புப் படிந்திருக்கும். ஆகவே நாங்கள் எமக்கென ஒரு சிறு கம்பித் தட்டைக் கொண்டு போய் அதன் மேல் வைத்துக்கொள்வோம். உருளைக்கிழங்கு, மீன், காய்ந்த ரொட்டி, இஞ்சி போட்ட பிளேன்டீ. அவர்களுடைய கோப்பி வேறு வகை. புகை பிடித்துக் கன்னங்கரேலென்றிருக்கும் ஒரு கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கோப்பித்தூளை அப்படியே கொட்டி, தூள் அடியில் படியும்வரை பொறுத்து ஊற்றுவார்கள். பின்லாந்துக்காரர் பேசமாட்டார்கள் என்று ஒரு பெயர் உண்டு. பஸ் தரிப்பிடத்தில் அது உண்மைதான். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால் அவர்களே முதலில் பேச்சைத் தொடங்குவதை நான் பலமுறை கண்டேன். எங்கே இருந்து வந்தோம் என்று கேட்டுவிட்டு, அடுத்த கேள்வியாக, அங்கேயும் இப்படிக் காடு இருக்கிறதா என்று கேட்பார்கள்.

இரவுக் குளிருக்கு நெருப்பை மட்டும் நம்பியிருக்க முடியாது. அது நடுச்சாமத்தில் அணைந்துவிடும். எழுந்து எழுந்து விறகு போட எவராலும் முடியாது, போட்டால் அடுத்தவருக்கு மிச்சமிருக்காது. தடித்த படுக்கைப்பையும், அதற்குக் கீழே பலகையின் குளிரைத் தடுக்கும் ஒரு பாயும் வேண்டும். குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் வரும். மிருகங்களைப் பற்றிக் கேட்டால், கரடி உண்டு, ஆனால் அது மனித வாடை பட்டாலே ஒதுங்கிவிடும். நான் கண்டதெல்லாம் பனிமான்கள்தான். தெற்குப் பகுதியில் கரடியைவிடக் கவனிக்க வேண்டியது புல்லில் இருக்கும் உண்ணி. அது நோய் பரப்பும்; மாலையில் உடம்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

புறப்படும்போது செய்ய வேண்டியவை அதிகமில்லை. தணலின் மேல் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையைக் கிட்டக் கொண்டு போனாலும் சூடு தெரியாத அளவுக்கு அணைக்க வேண்டும். பலகையைக் கூட்ட வேண்டும். பெரும்பாலும் ஒரு விளக்குமாறு தொங்கும். குப்பை முழுவதையும் திரும்பக் கொண்டு போக வேண்டும். இந்தப் பாதைகளில் குப்பைத்தொட்டியே வைப்பதில்லை. தொட்டி இருந்தால்தானே குப்பை சேரும் என்பது அவர்களுடைய எண்ணம். முதலில் எனக்கு இது சோம்பேறித்தனமாகப் பட்டது, பிறகு எமது ஊர்க் கடற்கரையில் நிரம்பி வழியும் தொட்டிகளை நினைத்துப் பார்த்தேன்.

இத்தனையையும் யார் கட்டுகிறார்கள்? தேசிய பூங்காக்களிலும் பெரும்பாலான அரச காடுகளிலும் மெட்ஸாஹல்லிதுஸ் என்ற அரச வன நிறுவனம் பராமரிக்கிறது. 1859இல் தொடங்கிய பழைய நிறுவனம் அது. நாட்டின் பரப்பில் மூன்றிலொரு பங்கு அதன் கையில் இருக்கிறது. மற்ற இடங்களில் மாநகர சபைகளும் ஊர்ச் சங்கங்களும் வேட்டைச் சங்கங்களும் கட்டி வைத்திருக்கின்றன. வீதி இல்லாத இடங்களுக்கு விறகு பனிக்காலத்தில் போகிறது. சதுப்பும் ஏரியும் உறைந்த பிறகு பனிவண்டியில் ஏற்றிச் சென்று கொட்டிலை நிரப்புவார்கள். அந்த விறகுதான் அடுத்த பனி வரை எல்லோருக்கும். எனவே இலவசம் என்பது எமக்குத்தான். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் வண்டியும் எரிபொருளும் ஒருவரின் கூலியும் இருக்கிறது. பணம் போதாமல் சில இடங்களில் பழுதான தங்குமிடங்களைத் திருத்தாமல் அகற்றுவதும், சில பாதைகளின் பராமரிப்பைக் கைவிடுவதும் இப்போது நடக்கிறது. ஆகவே பழைய வரைபடத்தில் லாவு இருக்கிறது என்பதற்காக அங்கே அது நின்றுகொண்டிருக்கும் என்று இல்லை. புறப்படும் முன் புதிய வரைபடத்தையும் அந்தப் பூங்காவின் அறிவித்தல்களையும் பார்க்க வேண்டும். வரைபடத்திலுள்ள எல்லாமும் பொதுவானதும் அல்ல. சில தனியாருடையவை, சில வாடகைக்கு. வாசலில் உள்ள பலகையை வாசித்தால் தெரிந்துவிடும்.

இப்போது எமது நாட்டிலிருந்து படிப்பதற்கும் தாதியர் தொழிலுக்கும் பின்லாந்து போகிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். இந்தக் கல்லூரியிலிருந்தும் யாராவது போகக்கூடும். போகிறவர்கள் முதல் தடவை நூக்ஸியோ போன்ற கிட்டிய இடத்துக்குப் பகலில் போய், ஒரு கேத்தல் தேநீர் வைத்துக் குடித்துவிட்டு, மாலையில் வீடு திரும்புங்கள். இரவு தங்குவது ஆகஸ்ட் கடைசி வாரம் அல்லது செப்டெம்பர் முதல் வாரமாக இருக்கட்டும். நுளம்பு குறைந்திருக்கும், குளிர் இன்னும் கடுமையாகியிராது, வடக்கில் இலைகள் சிவக்கத் தொடங்கியிருக்கும். கூடாரம், கம்பித் தட்டு, கத்தி, திசைகாட்டி, இரண்டு நெருப்புப்பெட்டி. நெருப்புப்பெட்டிகளில் ஒன்றை பிளாஸ்டிக் பையில் சுற்றி, உடுப்புக்குள் வையுங்கள்.